6.5×55 தோட்டா எல்க் வேட்டைக்குப் போதுமா?

போதும். (6.5 என்பது குழலின் உள்விட்டம், 55 என்பது தோட்டா உறையின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில்.) ஆனால் குண்டு பத்துக் கிராமுக்கு மேற்பட்டதாகவும் ஈயமும் செம்பு மேலுறையும் பிரியாமல் ஒட்டவைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தூரம் 150 மீற்றருக்குள் இருக்க வேண்டும். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டில் குண்டை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் 6.5×55 எல்க்குக்குத் தாராளமாகப் போதும். மூன்றில் ஒன்றைத் தளர்த்தினால் போதாது. அப்போது அதைவிடப் பெரிய தோட்டா கையில் இருந்தாலும் அது நம்மைக் காப்பாற்றுவது அரிது.

நான் நோர்வேயின் கிழக்கே, இன்லாண்டெட் மாகாணத்தின் காட்டுப் பகுதியில் வசிக்கிறேன். என் தந்தை 1980களில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி எடுத்த முதல் ஆள் நான்தான். உள்ளூர் எல்க் வேட்டைக் குழு ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் 30 மணி நேர வேட்டைப் பயிற்சியை முடித்த நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அழைத்து, “அண்ணா, எந்தத் தோட்டாவுக்கு ரைபிள் வாங்குவது?” என்று கேட்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றி. இங்கே எல்க் எனப்படுவது வட அமெரிக்காவில் மூஸ் என்று அழைக்கப்படும் அதே விலங்கு. வளர்ந்த ஆண் எளிதாக 400 கிலோவைத் தாண்டும். இவ்வளவு பெரிய உடம்பைப் பார்த்தவுடன் பெரிய குழல், பெரிய தோட்டா என்று மனம் போவது இயல்பு. ஆனால் எல்க் தடித்த தோலும் கவசம் போன்ற எலும்பும் உடைய விலங்கன்று. அதன் நுரையீரல் பரப்பு மிகப் பெரியது, விலா எலும்புகள் கடினமானவையல்ல. இரண்டு நுரையீரல்களையும் துளைத்து, விரிந்த குண்டு மறுபக்கம் வெளியேறினால் அந்த விலங்கு நிச்சயமாக இறக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எல்க் அடிபட்டதை வெளியே காட்டாது. நல்ல நுரையீரல் அடி வாங்கியும் ஒன்றும் நடவாததுபோல் நின்றுகொண்டே இருக்கும். அல்லது நிதானமாக ஐம்பது அறுபது மீற்றர் நடந்து போய்ப் படுக்கும். அதைப் பார்த்துவிட்டுத் “தோட்டா சிறியது” என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். 9.3 மில்லிமீற்றர் குண்டு வாங்கிய எல்க்கும் அப்படியே நடந்து போவதைப் பக்கத்துக் காவலிடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விலங்கு நிற்கும்வரை அடுத்த தோட்டாவை ஏற்றி மறுபடியும் சுட வேண்டும். இதை எங்கள் வேட்டைத் தலைவர் ஒவ்வொரு காலையும் சொல்லித்தான் ஆட்களை அனுப்புகிறார்.

இனித் தோட்டாவுக்கு வருகிறேன். 6.5×55 பிறந்தது 1890களின் தொடக்கத்தில். அப்போது சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தன. இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவான ஒரு தோட்டாவைக் கூட்டுக் குழு வகுத்தது. 1894இல் நோர்வே அதைக் கிராக்-யோர்கன்சன் ரைபிளில் ஏற்றுக்கொண்டது. சுவீடன் மௌசர் ரைபிளில் ஏற்றுக்கொண்டது. 1905இல் அந்த ஒன்றியம் கலைந்தது, தோட்டா மட்டும் இரு பக்கமும் பொதுவாக நிலைத்தது. இங்குள்ள தன்னார்வச் சுடுகழகங்களின் அமைப்பு 1893இலேயே தொடங்கியது. அதன் வழியாகக் கிராமத்துக்குக் கிராமம் இந்தத் தோட்டாவில் சுட்டுப் பழகிய தலைமுறைகள் உருவாகின. போர்த் துப்பாக்கிகள் பின்னர் வேட்டைக்கு வந்தன. அதனால்தான் இன்றும் ஏதாவது ஒரு பழைய பண்ணைவீட்டில் 6.5×55 இல்லாமல் இருப்பது அரிது.

அந்தப் பிறப்பு இந்தத் தோட்டாவுக்கு ஒரு வரமும் தந்தது, ஒரு தளையும் தந்தது. வரம் இதுதான்: தொடக்கத்திலிருந்தே நீண்ட, கனமான 10.1 கிராம் குண்டுக்காக அது வகுக்கப்பட்டது. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புறத் திருகு அதற்கேற்ப வேகமானது. விட்டம் குறைந்த குழலில் நீண்ட குண்டு என்றால் அதன் எடை முழுவதும் ஒரு சிறிய பரப்பின் பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே தன் அளவுக்கு மீறி ஆழமாக ஊடுருவுகிறது. தளை, சுடும்போது உறைக்குள் எழும் அழுத்தம். கிராக் ரைபிளில் அந்த அழுத்தத்தைத் தாங்கப் பூட்டின் முன்பக்கத்தில் ஒரே ஒரு பிடிப்புப் பல்தான் உண்டு. அந்தப் பழைய துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் ஐரோப்பிய அளவுகோல் இதற்கு 3,800 பார் அழுத்தத்தையே உச்சமாக வைத்திருக்கிறது. .308 வின்செஸ்டர் என்ற பிற்காலத் தோட்டாவுக்கு அது 4,150 பார். புதிய ரைபிள் வாங்கியவரும் கடைத் தோட்டாவில் அந்த மென்மையான அளவையே பெறுகிறார்.

அடுத்தது சட்டம். நோர்வேயில் எல்க், செம்மான், துருவ மான் போன்ற பெரிய விலங்குகளுக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த கணக்கு இது: குண்டு குறைந்தது 9 கிராம். 9க்கும் 10க்கும் இடைப்பட்ட எடையென்றால் 100 மீற்றர் தூரத்தில் குறைந்தது 2,700 யூல் ஆற்றல் இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேல் போனால் 2,200 யூல் போதும். விரியும் குண்டாக இருக்க வேண்டும். முழு மேலுறை போட்ட பயிற்சிக் குண்டு கூடாது. இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் கடை அலமாரியில் 10.1 கிராம் பெட்டிகள் ஏன் இவ்வளவு இருக்கின்றன என்பது விளங்கும். 9.1 கிராம் குண்டு காகிதத்தில் வேகமாகத் தெரியும். ஆனால் 6.5×55இல் அது 2,700 என்ற கோட்டின் ஓரத்திலேயே நிற்கிறது, சில தேறும், சில தேறா. பெட்டியிலோ தயாரிப்பாளரின் அட்டவணையிலோ 100 மீற்றர் ஆற்றலைப் பார்த்து, அந்த ஆண்டின் விதியோடு ஒப்பிட்டுவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நான் எல்க்குக்குப் பயன்படுத்துவது நோர்மா நிறுவனத்தின் ஓரிக்ஸ், 10.1 கிராம். நோர்மாவை 1902இல் சுவீடனின் ஓமோட்ஃபோர்ஸ் என்ற எல்லையோர ஊரில் தொடங்கியவர்கள் எங்ஙர் சகோதரர்கள் என்ற நோர்வேஜியர்கள். குழல் வாயில் இந்தத் தோட்டாவின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 780 மீற்றர், ஆற்றல் 3,000 யூலுக்குச் சற்று மேல். 100 மீற்றரில் 2,400 யூலுக்கு மேல் மிஞ்சுகிறது. எண்களில் இது பெரிய வீரன் அல்ல. விலங்கின் உள்ளே அது நடந்துகொள்ளும் விதத்துக்காகவே நான் இதை விடாமல் வாங்குகிறேன்.

ஓரிக்ஸில் ஈய உள்ளகம் மேலுறையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கம் அகன்று விரியும், பின்பக்கம் சிதறாமல் தொடர்ந்து தள்ளும். எங்கள் குழுவில் வெட்டிய எல்க்குகளில் மறுபக்கத் தோலடியில் அகப்பட்ட ஓரிக்ஸ் குண்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். குடைபோல் விரிந்தும் எடையில் பெரும்பகுதியைத் தக்கவைத்தும் இருந்தன. பெரும்பாலான நேரம் குண்டே அகப்படாது, வெளியேறிவிடும். வெளியேறுவதுதான் எனக்கு வேண்டியது. ஒரு துளை மேலே, ஒரு துளை மறுபக்கம் சற்றுக் கீழே என்று இருந்தால் பனி விழாத செப்ரெம்பர் மாதத்துப் பாசியிலும் புளூபெரிச் செடிகளிலும் இரத்தத் தடம் கண்ணுக்குத் தெரியும். நுழைந்த துளை மட்டும் என்றால், இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். அப்போது நாயைத்தான் நம்ப வேண்டியிருக்கும். எல்க் வேட்டைக்குப் போகிறவர் தேர்ச்சிபெற்ற தேடுநாயை ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டு. அதற்காக நாயின் வேலையைக் கடினமாக்கக் கூடாது.

பின்லாந்தின் லாபுவா நிறுவனம் செய்யும் மெகா, ஏறத்தாழ அதே எடையில் வருகிறது. என் துப்பாக்கியில் அதன் குண்டுகளும் இலக்கில் நெருக்கமாகவே விழுகின்றன. காட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. எது உன் குழலில் நெருக்கமாக விழுகிறதோ அதை வாங்கு என்பதே என் பதில். பழைய வகை மென்னுனிக் குண்டுகள், ஒட்டவைக்கப்படாதவை, விலை குறைவு. ரோ மான் என்ற சிறிய மானுக்கும் எல்க் கன்றுக்கும் குறையில்லை. வளர்ந்த எல்க்கின் தோள்பட்டை எலும்பில் பட்டால் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சில குரோணர்களை மிச்சப்படுத்துவதற்கு அது இடமன்று.

நான் இந்தத் தோட்டாவை விரும்புவதற்கு எல்லாவற்றிலும் பெரிய காரணம் அதன் உதை. நான்கு கிலோ எடையுள்ள ரைபிளில் 6.5×55இன் பின்னுதைப்பை ஒன்று என வைத்தால், .308 ஏறத்தாழ ஒன்றேகால், 9.3×62 என்ற கனத்த தோட்டா இரண்டரை. எங்கள் சுடுதளத்தில் ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் இந்த வித்தியாசத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம். பெரிய விலங்கு வேட்டைக்காரர் ஒவ்வோராண்டும் 30 பயிற்சிச் சூடுகளைச் சுட்டு, பிறகு 100 மீற்றர் தூரத்துத் துருவமான் உருவத்தில் ஐந்து குண்டுகளையும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் வைத்தாக வேண்டும். மக்னம் எனப்படும் அதிக வெடிமருந்துத் தோட்டாவுக்கான ரைபிளோடு வருகிறவர்கள் பத்தாவது சூட்டிலேயே தோளைத் தடவத் தொடங்குகிறார்கள். இருபதாவதில் விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்பே கண் மூடுகிறது, குழல் தாழ்கிறது. 6.5×55காரர்கள் முப்பதையும் முடித்துவிட்டு இன்னொரு பெட்டி கேட்கிறார்கள். எல்க் எந்தத் தோட்டாவுக்கு விழுகிறது என்ற கேள்விக்கு இதுவே என் பதில்: நிறையச் சுட்டுப் பழகியவனின் தோட்டாவுக்கு. சைலன்சர் போட்டுச் சுடுவது இங்கே சட்டப்படி ஏற்றது, பெரும்பாலோர் போடுகிறார்கள். அதைப் பூட்டிய பின் இந்தத் தோட்டாவின் உதை ஒரு தள்ளல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

பெரிய நகரம் ஒன்றின் கடையில், முதல் தடவை ரைபிள் வாங்க வந்த ஒரு தம்பியிடம் விற்பனையாளர் .300 வின்செஸ்டர் மக்னத்தைத் திணித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “எல்க் என்றால் இதற்குக் குறைந்து வாங்காதே” என்றார் அவர். அந்தத் தம்பியின் எடை அறுபது கிலோ இருக்குமோ என்னவோ. அவர் வேட்டையாடப் போவது அறுபது எழுபது மீற்றருக்கு மேல் பார்வை போகாத அடர்ந்த பைன் காட்டில். 1963இல் நீண்ட தூரச் சூட்டுக்கென்று வந்த தோட்டாவை அங்கே கொண்டுபோய் அவர் பெறுவது சிதைந்த இறைச்சியும் சுடுவதற்கான அச்சமும்தான். எனக்குக் கோபம் வந்தது. வெளியே அழைத்துப் பேசினேன். இப்போது அவர் .308 வைத்திருக்கிறார்.

குறைகளையும் சொல்கிறேன். 6.5×55இல் கையிருப்பாக மிஞ்சும் ஆற்றல் குறைவு. தயாரிப்பாளர்களின் வேக எண்கள் பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர் அளவிலான சோதனைக் குழலில் எடுக்கப்பட்டவை. இப்போது சைலன்சருக்காக எல்லோரும் 50 சென்ரிமீற்றர் குழலை வாங்குகிறார்கள். அந்தப் பத்துச் சென்ரிமீற்றர் இழப்பு, செக்கனுக்கு 25 மீற்றருக்கு மேல் வேகத்தைத் தின்றுவிடும்; 100 மீற்றர் ஆற்றல் 2,200 கோட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கும். ஆகவே இந்தத் தோட்டாவுக்கு நான் 55 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குழலைப் பரிந்துரைக்க மாட்டேன். தூரத்திலும் அது இரக்கம் காட்டாது. 100 மீற்றருக்குக் குறி சரிசெய்தால் 200 மீற்றரில் ஓரிக்ஸ் 15 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் தாழ்கிறது. காட்டில் அது பொருட்டல்ல. ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் மரமே இல்லாத வெளியில், காற்றில் நின்று துருவ மானைச் சுடும்போது பொருட்டு. அங்கே நான் போகும் ஆண்டுகளில் அதே ரைபிளில், விதிக்குத் தேறிய, கூரான நீண்ட 9 கிராம் வகைக் குண்டைப் போடுகிறேன். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குறியை மறுபடி சரிசெய்யாமல் மலையேறக் கூடாது.

மற்றத் தோட்டாக்களைப் பற்றிச் சுருக்கமாக. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. 11.7 கிராம் குண்டைச் செக்கனுக்கு 800 மீற்றர் அளவில் தள்ளுகிறது, ஏறத்தாழ 3,700 யூல். குட்டையான குழலில் வேகத்தை அதிகம் இழக்காது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், சட்டக் கோட்டுக்கு வெகு மேலே நிற்கிறது. .30-06 அதன் மூத்த அண்ணன், 1906இல் அமெரிக்கப் படைக்கு வந்தது. சற்று வேகம் அதிகம், சற்று உதையும் அதிகம். தாத்தாவிடமிருந்து வந்த .30-06 வீட்டில் இருந்தால் அதை விற்றுவிட்டு .308 வாங்க ஒரு காரணமும் இல்லை. 9.3×62 எனக்கு மதிப்புக்குரியது. 1905இல் பெர்லினின் ஒட்டோ பொக் ஆப்பிரிக்காவில் குடியேறியவர்களுக்காக, சாதாரண மௌசர் பூட்டில் பொருந்துமாறு வகுத்தது. 18.5 கிராம் குண்டு, செக்கனுக்கு 720 மீற்றர். மெதுவான கனத்த குண்டு என்பதால் வியக்கத்தக்க அளவுக்கு இறைச்சியைக் கெடுப்பதில்லை. நாயோடு நெருங்கிப்போய்ச் சுடுகிறவர்களுக்கும், உதையைத் தாங்கும் உடம்புக்கும் நல்லது. முதல் ரைபிளாக அல்ல. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர், 6.5×55 போட்ட அதே விட்டக் குண்டுகளைக் குட்டையான உறையில் வைத்துச் சுடுகிறது. இலக்குச் சுடுதலில் அது சிறந்தது. எல்க்கின் உள்ளே இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது.

செம்புக் குண்டு பற்றித்தான் இப்போது கேள்விகள் அதிகம் வருகின்றன, அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களிடமிருந்து. நியாயமான கேள்வி. ஈயக் குண்டு விரியும்போது நுண்ணிய துகள்கள் காயத்தைச் சுற்றிப் பரவுகின்றன. அதனால் காயத் தடத்தைச் சுற்றிப் பத்துச் சென்ரிமீற்றர் இறைச்சியை வெட்டி எறிவதே எங்கள் குழுவின் வழக்கம். ஒரு எல்க்கில் அது சில கிலோ. நாங்கள் அந்த இறைச்சியை ஆண்டு முழுக்க யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுச் சமைக்கிறோம். முன்னங்கால் சப்பைதான் கறிக்கு மிக உகந்தது. தோளிலேயே சுட்டுப் பழகியவர்கள் இழப்பதும் அந்தச் சப்பையைத்தான். தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலின் நடுவில் வைப்பவருக்கு இழப்பு விலாவோடு முடிந்துவிடும்.

செம்புக்கு மாற நினைத்தால் 6.5×55 எனது முதல் தெரிவன்று. காரணம் அடர்த்தி. ஈயம் 11.3, செம்பு 8.9. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது. 6.5 மில்லிமீற்றர் விட்டத்தில் பத்துக் கிராம் செம்பு என்றால் அது உறைக்குள் வெடிமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சுழற்சியிலும் நிலைகொள்ளச் சிரமப்படும். அதனால் தயாரிப்பாளர்கள் எட்டுக் கிராம் அளவுக்கு இறங்குகிறார்கள். அது மேலே சொன்ன 9 கிராம் கணக்குக்கும் கீழே, எல்க்குக்கு அந்த எடையை நான் விரும்பவும் இல்லை. .308இல் 10.7 கிராம் செம்புக் குண்டு வசதியாக அமர்கிறது, 100 மீற்றரில் 2,700 யூலையும் இலகுவாகத் தாண்டுகிறது. செம்புக்கு விரிய வேகம் வேண்டும் என்பதால் தூரத்தைச் சுருக்கியே வைக்க வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு: ஈயக் குண்டோடு, காட்டில், 55 சென்ரிமீற்றருக்குக் குறையாத குழலோடு வேட்டையாடப் போகிறாய் என்றால் 6.5×55 வாங்கு. உடம்பு சிறியது, உதைக்குப் பயம் என்றால் இன்னும் உறுதியாக வாங்கு. செம்புதான் வேண்டும், அல்லது குழல் குட்டையாக இருக்க வேண்டும் என்றால் .308. இரண்டிலும் பயிற்சித் தோட்டாவை வேட்டைத் தோட்டாவோடு சேர்த்தே வாங்கிவிடு. வேட்டைக்கு வைக்கும் பெட்டிகள் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணாக இருக்கட்டும். குறியை 100 மீற்றரில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயர்த்திச் சரிசெய். மேசையில் சாய்த்துச் சுடுவதை இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டு, மீதி எல்லாவற்றையும் முழங்காலிட்டும் தடியில் தாங்கியும் சுடு. காவலிடத்தில் மேசை இருக்காது.

என் தங்கையின் மகள் இந்த ஆண்டு வேட்டைப் பயிற்சியை முடித்துவிட்டாள். வீட்டில் குழந்தை இருப்பதால் செம்புதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். அவளுக்காக .308 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், 51 சென்ரிமீற்றர் குழல். ஓகஸ்ட் மாதத்தில் சுடுதளத்துக்கு வரும்போது என் 6.5×55ஐயும் தரப்போகிறேன், இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.